திருப்பிச் சுற்றிய தார்

10 மே 1982, திங்கள்

பஸ் போய்விட்டது. ஒரு சட்டைப் பொத்தானால் போய்விட்டது.

ஆறேகால் வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று இருட்டோடு எழுந்து, குளித்து, இட்லியும் கட்டிக்கொண்டு வாசலில் செருப்போடு நிற்கிறேன். உள்ளே அவர் மூன்றாவது பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். “ஏங்க, ஜல்தி ஆவட்டுங்க” என்று நான் கத்தியதில் போட்டிருந்த இரண்டாவது பொத்தானும் கழன்றது. கடைசியில் நானே ஓடிப்போய் நாலையும் மாட்டி இழுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டில் புகைதான் மிச்சம்.

மாசி மாதம் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே வலது பக்கமாகச் சாய்ந்தவர் என் வீட்டுக்காரர் சம்பந்தம். பக்கவாதம். வயது நாற்பத்திரண்டு. கால், இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பேச்சு பாதி வந்திருக்கிறது. வலது கைதான் வரமாட்டேன் என்கிறது.

அடுத்த பஸ்ஸில்தான் வேலூர் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லித்தருகிற அம்மா கேட்டார்: “சட்டை யார் போட்டுவிட்டது?” நான்தான் என்றேன். “இனிமே போட்டுவிடாதீங்க. அந்தக் கை செய்யவேண்டியதை நீங்க செஞ்சிட்டா அது எதுக்கு செய்யணும்? ஒரு பொத்தானுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. இந்த வருஷத்துக்குள்ள வர்றதுதான் வரும். அப்புறம் ரொம்பக் கஷ்டம்.”

கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா, நானா? என் அம்மா என்னை எட்டாம் மாதத்திலேயே பெற்றுப்போட்டவள். உள்ளே இருக்கப் பொறுக்கவில்லை எனக்கு.

11 மே

இரண்டு பொத்தான் அவர் போட்டார். மற்றது நான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, என்ன செய்ய.

23 மே, ஞாயிறு

குழாயடியில் ரேணுகாம்பாள் வந்தால் வழிவிடுங்கள் என்று கேலி பேசுகிறார்கள். குடம் பாதி நிறைந்ததுமே தூக்கிக்கொண்டு ஓடுபவளாம். உண்மைதான். குக்கர் வாங்கி இரண்டு வருஷமாகிறது, ஒரு நாளும் விசில் தானாக அடங்க விட்டதில்லை. கரண்டியால் நெம்பி விட்டுவிடுவேன். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே இறங்குவேன். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் உனக்கு என்னடி இவ்வளவு அவசரம் என்று கேட்டவளும் உண்டு. தெரியவில்லை. எனக்குள்ளே யாரோ “ஆவட்டும் ஆவட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்று மத்தியானம் அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். “த... த...”

“தண்ணியா?”

இல்லையென்று தலையை ஆட்டினார். “த... தங்...”

“தலகாணியா? தறியா? இன்னா வேணும், சொல்லித் தொலைங்களேன்!”

வாயை மூடிக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் வாசலில் அவர் தங்கச்சி குணசுந்தரி, களம்பூரிலிருந்து வந்து பையோடு நிற்கிறாள். “அண்ணன் என்னப் பாத்து தங்கச்சின்னு சொல்ல வந்தாரு. நீ வுட்டா தானே அண்ணி” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

4 ஜூன்

இன்று வீட்டில் ஒரு நல்ல காரியம். நல்லதுதானா என்று ராத்திரி எழுதும்போது தெரியவில்லை.

அவர் விழுந்ததிலிருந்து தறியில் நான்தான் உட்காருகிறேன். தார் சுற்றுவதும் நானே. முன்பெல்லாம் அவர் நெய்வார், நான் ராட்டையில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தாராக்கி, பாவு இழைகளுக்கு நடுவில் ஓடுகிற அவர் நாடாவுக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். இப்போது ஒரே ஆள் இரண்டும் செய்தால் சேலை எப்படி நகரும்? பட்டு கொடுத்து நெய்யச் சொல்கிற ஜெயவேல் முதலாளியிடமிருந்து ஆள் மேல் ஆள் வருகிறது. எல்லாம் முகூர்த்தச் சேலை, எல்லாம் அர்ஜெண்ட். கல்யாணம் செய்கிறவர்களுக்கு மாப்பிள்ளை பார்க்க மட்டும் மூன்று வருஷம் ஆகலாம், சேலைக்கு மூன்று நாள் ஆகக்கூடாது.

காலையில் நான் நெய்துகொண்டிருக்கும்போது பின்னால் கர்ரென்று சத்தம். அவர் ராட்டையைத் தானே இழுத்து வந்து, திருப்பிப் போட்டு, இடது கையால் சக்கரத்தைச் சுழற்றுகிறார். நூலைப் பிடித்து வழிவிட வேண்டியது வலது கை. அந்தக் கை! இரண்டு விரலுக்கு நடுவில் பட்டு நடுங்குகிறது. ஒரு தார் முடிய எவ்வளவு நேரம் ஆயிற்றோ, நான் அதற்குள் அரை முழம் தாண்டிவிட்டேன். ஆனால் சுற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாடாவில் போட்டேன். நாலு ஓட்டம் ஓடியிருக்காது, தார் தொளதொளவென்று சரிந்து கொத்தாக நழுவிச் சிக்கிக்கொண்டது. அறுந்தது.

“நல்லா... வந்துகீதா?” என்று பின்னாலிருந்து கேட்டார்.

“நல்லா கீதுங்க” என்றேன்.

வேறென்ன சொல்வது?

9 ஜூன்

சாப்பிட்டதும் அவர் கண்ணயர்கிறார். அந்த நேரம் பார்த்து, காலையில் அவர் சுற்றியதையெல்லாம் பிரித்து நான் திருப்பிச் சுற்றிவிடுகிறேன். ராட்டையைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய்ச் சுற்றுகிறேன், சத்தம் கேட்கக்கூடாதே. தப்பா? பக்கத்தில் உட்கார்ந்து, இப்படிப் பிடியுங்கள், இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள் என்று சொல்லித் திருத்தினால் நாள் முழுக்கப் போய்விடும். நான் சுற்றினால் மளமளவென்று முடிகிறது. முதலாளி வேலையும் கெடாது, அவர் மனசும் கெடாது. யாருக்கு நஷ்டம்?

20 ஜூன்

எதிர்வீட்டு பச்சையம்மாளைக் கூப்பிட்டுக் கூடையில் இருந்த தாரைக் காட்டினார். “நான்... சுத்தினது.” அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, “யப்பா, கல்லு மாதிரி கீதே!” என்றாள். அவருக்கு முகமெல்லாம் பல். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

2 ஜூலை, வெள்ளி

ஜெயவேல் முதலாளி நேரிலேயே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவ்வளவு அவசரம் அவருக்கு. தறியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். “தாரு யாரு சுத்தறது?”

“நாந்தான்” என்றார் இவர். ஒரே மூச்சில், திக்காமல் வந்தது அந்தச் சொல்.

“பரவால்லியே சம்பந்தம்! அப்போ தீபாவளிக்குள்ள நீயே தறில குந்திடலாம் போலகீது.”

“ஆடி... பதினெட்டுக்கு... குந்தறேன்.”

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஒரு பொய்யை ஊட்டி வளர்த்து ஆளாக்கிவிட்டேன், இப்போது அது தறியில் ஏறி உட்காரப் போகிறேன் என்கிறது.

20 ஜூலை, அமாவாசை

தறி லீவு. தெரு முழுக்க ஒரு தறிச் சத்தம் இல்லை. அவரும் ராட்டையைத் தொடவில்லை, எனக்கும் பிரிக்க எதுவுமில்லை. இரண்டு பேரும் முறுக்கு தின்றுகொண்டு ரேடியோ கேட்டோம். இன்று சொல்லிவிடலாம், இன்று சொல்லாவிட்டால் என்றைக்கு என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிற வாய்க்கு இதில் மட்டும் அப்படி ஒரு நிதானம். நாளைக்குச் சொல்கிறேன்.

3 ஆகஸ்ட்

ஐயோ.

மண்ணெண்ணெய் போடுகிறார்கள் என்று ரேஷன் கடைக்கு ஓடினேன். வரிசை நகரவே இல்லை. முன்னால் நின்றவளிடம் சண்டை பிடித்து, முந்தி வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அவர் தறியில். தானே குழியில் இறங்கி உட்கார்ந்திருக்கிறார். ஆடிப்பெருக்குக்கு உட்காருகிறேன் என்று சொன்னவர் சொன்னபடி உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் குங்குமம் வேறு.

கூடையிலிருந்ததை எடுக்கவில்லை அவர். காலையில் சுடச்சுடச் சுற்றிய தாரை, நான் இன்னும் பிரிக்காத தாரை, நாடாவில் போட்டிருக்கிறார். அது நழுவியிருக்கிறது. இன்னொன்று போட்டிருக்கிறார். அதுவும். நாடா வழியிலேயே மாட்டிக்கொண்டு பாவு இழைகள் ஒரு பக்கம் அறுந்து தொங்குகின்றன. கூடைத் தார் ஒன்றை இடது கையிலும், அவர் சுற்றிய தார் ஒன்றை மடியிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணெண்ணெய் டின்னை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. “இல்லீங்க, வந்து, ஈரக்காத்து, பட்டு இன்னிக்கி...” என்று என்னென்னவோ உளறினேன்.

அவர் பேச ஆரம்பித்தார். நான் முந்திக்கொள்ளவில்லை.

“மொத... நாளே... சொல்லியிருந்தீனா... இன்னிக்கி... சரியா... சுத்தியிருப்பேன்.”

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

4 ஆகஸ்ட்

அவர் ராட்டையைத் தொடவில்லை. சட்டை போடவில்லை.

12 ஆகஸ்ட்

அறுந்த இழைகளைப் பிணைத்துத் தறியை ஓட்டுகிறேன். அவர் சுவரோரம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார், யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் போல.

இன்று பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். “திட்டுங்களேன்! நாலு அறை வேணா வையுங்களேன்! இப்டி கம்முனு குந்திகினு இருந்தா நான் இன்னாத்த பண்றது? ஆமா, எனக்குப் பொறும இல்ல! பொறக்கும்போதே இல்ல! வேணும்னா செஞ்சேன்? தறியும் நானே ஓட்டி, தாரும் நானே சுத்தி, சோறும் நானே ஆக்கி, எத்த பாப்பேன் நான்? எனக்கு மட்டும் ரெண்டு ஒடம்பா கீது?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டேன், அவர் வாயை மூடிக்கொண்டார். அது என்ன என்று இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நிமிஷம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். சனியன் பிடித்தவள் நான்.

26 ஆகஸ்ட், வியாழன்

வேலூர். கைப்பயிற்சி அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். நீட்டினால் வலிக்கிறது அவருக்கு, முகம் கோணுகிறது. “போன தடவைக்கு இப்ப இறுகிப்போயிருக்கே. வீட்ல என்ன நடக்குது?”

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “எனக்கு... இஷ்டம்... இல்லீங்க” என்று தன் மேல் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது கண்ணமங்கலம் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த வருஷத்துக்குள் வருவதுதான் வரும் என்று சொன்னார்களே. வருஷத்தை நான் தின்றுவிட்டேனா?

29 ஆகஸ்ட்

குணசுந்தரி வந்தாள். அவளும் அவள் புருஷனும் களம்பூரில் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறார்கள். “அண்ணன் கொஞ்ச நாளு எங்க வூட்ல இருக்கட்டும் அண்ணி. நீயும் தறியப் பாக்கணும்ல” என்றாள்.

“அதெல்லாம் வேணாம், அவருக்கு அங்க தோதுப்படாது, அவரு...”

“போறேன்” என்றார் அவர்.

நான் வாயில் பாதிச் சொல்லோடு நின்றேன். என்னை முந்திக்கொண்டு அவர் சொன்ன முதல் சொல் அதுதான். வேட்டி இரண்டு, சட்டை இரண்டு மடித்துக் கொடுத்தேன். சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டார்.

6 செப்டம்பர்

காலையில் எட்டு மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடுகிறது. காபி ஆறுவதில்லை. சட்டைக்காக யாரும் நிற்கவில்லை. “த... த...” என்று யாரும் இழுக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு முழம் நெய்துவிடுகிறேன். முதலாளிக்கு ஏக சந்தோஷம். நான் ஆசைப்பட்ட வேகம் இதுதானே? ஓடட்டுமே! நடு வீட்டில் நின்று, “இப்ப இன்னாடி பண்ணப் போற?” என்று என்னையே சத்தமாகக் கேட்டேன். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

சோறு இறங்கவில்லை.

19 செப்டம்பர், ஞாயிறு

களம்பூர் போனேன். பஸ் நின்றபிறகு இறங்கினேன், இறங்கவே பயமாக இருந்தது.

குணசுந்தரி வீட்டில் அவளும் அவள் புருஷனும் இல்லை, மில்லில் ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம். கதவு திறந்தே கிடந்தது. அவர் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலது கையால். கட்டைவிரலும் அடுத்த விரலும் கூடிக் கூடிப் பிரிகின்றன, கல் விழுகிறது, மறுபடி தேடி எடுக்கிறார். சட்டை போட்டிருந்தார். நாலு பொத்தானும் மாட்டியிருந்தது. ஒன்று ஓட்டை மாறி மாட்டியிருந்தது. என் கை பரபரவென்றது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

குணசுந்தரி வந்ததும் கேட்டேன், என்ன வைத்தியம் செய்தாய் என்று.

“வைத்தியமா? நாங்க ரெண்டு பேரும் விடிஞ்சா மில்லுக்குப் போயிடறோம், பொழுது போய்தான் வர்றோம். அவரு பாட்டுக்கு எதுனா பண்ணிகினு கீறாரு. யாரும் கண்டுக்கறதில்ல அண்ணி.”

யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால்தான் கை வருகிறது. பதினெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்தி, மூத்திரம் முதற்கொண்டு எடுத்துப்போட்டு, ராவும் பகலும் பார்த்த நான் இறுக வைத்த விரலை, ஒருவரும் இல்லாத வீடு நீட்டிவிட்டிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? ஆமாம், சந்தோஷம்தான். நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

“வூட்டுக்கு வாங்க” என்றேன்.

காத்திருந்தேன். அவர் ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, “வரேன். நானே... பஸ்ல... வருவேன். கூட்டிகினு போவ... நீ வராத” என்றார்.

“என்னிக்கிங்க?”

“வரும்போது.”

எனக்கென்றே பார்த்துக் கொடுத்த தண்டனை. தேதி சொல்லியிருந்தால் அன்றுவரை எப்படியாவது பல்லைக் கடித்திருப்பேன்.

24 செப்டம்பர்

களம்பூர் பஸ் ஹாரன் எங்கள் தெரு வரைக்கும் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாடாவைப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். வரவில்லை.

30 செப்டம்பர்

வரவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டேன்.

8 அக்டோபர்

வராமலே இருந்துவிட்டால்? அங்கேயே நன்றாக இருக்கிறது, இவள் முகத்தில் ஏன் விழிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால்? களம்பூர் பஸ்ஸில் ஏறிக்கூட உட்கார்ந்துவிட்டேன் இன்று. கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னால் இறங்கி வந்துவிட்டேன். டிக்கெட் கொடுக்க வந்தவன் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

17 அக்டோபர், அமாவாசை

தறி லீவு, தெரு முழுக்க வாசலில். பச்சையம்மாள்தான் முதலில் பார்த்தாள். “அடியே ரேணு, ஒன் வூட்டுக்காரருடி!”

தெருமுனையில் அவர். இடது கையில் தடி. அதனால் துணிப்பை வலது கையில். நாலு எட்டு வைப்பார், பை நழுவி விழும். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து, பையின் காதைத் தேடி, வலது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மாட்டிக்கொண்டு மறுபடி நாலு எட்டு. எங்கள் வீடு அந்தத் தெருவில் கடைசிக்கு முந்திய வீடு.

ஓடத்தான் போனேன். ஒரு கால் வாசற்படியைத் தாண்டிவிட்டது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மறுபடி விழுந்தது பை. ஒரு பையன் எடுத்துக்கொடுக்க ஓடினான், “வாணாம்” என்றுவிட்டார். பச்சையம்மாள் என்னைப் பார்த்துக் கத்தினாள்: “இன்னாடி இது அக்கிரமம்? மனுசன் அங்க தவிக்கறாரு, நீ மரமாட்டம் பாத்துகினு நிக்கற? நீயெல்லாம் ஒரு பொம்பளயா?” இன்னொருத்தி, “பொறுமயில்லாதவன்னு தெரியும், ஈரமும் இல்லாதவளா கீறாளே” என்றாள். தெருவே என்னைத்தான் பார்த்தது. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்த இடத்தில் சிராய் ஏறியது வலிக்கவேயில்லை. வாங்க, வாங்க, வாங்க என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன், உதட்டை மட்டும் திறக்கவில்லை.

அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

வாசல் வரை வந்து நின்று மூச்சு வாங்கினார். சட்டை முழுக்க வேர்வை. ஏதோ சொல்ல வந்தார், வரவில்லை. நான் நின்றேன். தண்ணீரா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

“வந்... வந்துட்டேன்” என்றார்.

“வாங்க” என்றேன். நகர்ந்து வழிவிட்டேன். பையை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

5 நவம்பர்

தீபாவளிச் சேலை இரண்டில் ஒன்று பாதியில் நிற்கிறது, மற்றது தொடங்கவே இல்லை. ஜெயவேல் முதலாளி ஆளனுப்பித் திட்டினார். நேற்று தொடங்காததை வேறு தறிக்கு மாற்றிவிட்டார். மாற்றட்டும்.

இன்று அவர் சுற்றிய தாரில் பாதிக்கு மேல் நழுவிவிட்டது. நழுவியதையெல்லாம் அவர் மடியிலேயே போட்டேன்.

“இதுவும்... பூட்ச்சா?”

“பூட்ச்சிங்க.”

பிரித்துவிட்டு மறுபடி ராட்டையைச் சுழற்ற ஆரம்பித்தார். நான் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.